பன்னிரண்டு தொட்டியிலும் புழு

காலையில் கடை திறந்ததும் முதல் வேலை செத்த மீனைப் பொறுக்குவது என்றாகிப் பதினோரு நாள் ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து நுழைந்து விளக்கைப் போடுகிற ஆள் அந்த வண்ணமீன் கடைக்காரர். இப்போது ஷட்டரை முழுசாகத் தூக்கி, வாசலில் ஒரு நிமிடம் நின்று, பக்கத்துச் சாவிக்கடையில் என்ன நடக்கிறது என்று பார்த்து, நடக்க ஒன்றுமில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டுதான் உள்ளே போவார். பரீட்சையில் கோட்டைவிட்டவன் முடிவைப் பார்க்கப் போகும்போதுகூட அத்தனை மெதுவாகப் போகமாட்டான்.

பன்னிரண்டு தொட்டி. இடது சுவரில் ஆறு, வலது சுவரில் ஆறு. நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால், யாராவது ஒருவர் எதையாவது வாங்கிக்கொண்டு வெளியேறினால்தான் வழி பிறக்கும். வியாபாரத்துக்கு வாகான இடம்தான். ஆனால் வந்தவர்கள் இப்போதெல்லாம் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் மேலே மிதப்பதைப் பார்த்தார்கள்.

செத்த மீனில் ஒரு குறையும் தெரியவில்லை. புள்ளி இல்லை, புண் இல்லை, வால் கிழியவில்லை, செதில் உதிரவில்லை. காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சாயங்காலம் மூலையில் சாயும். மறுநாள் பொறுக்க வேண்டியதுதான்.

“உள்ள ஏதோ இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாததா” என்றார் மனைவி. கடையில் பாதி வேலை அவருடையது. தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி துடைப்பது, ஒரு மீன் கேட்டு வந்தவரை மூன்றோடு அனுப்புவது எல்லாம் அவர்தான். பதினோரு நாளாக வாளி தூக்கி வலது தோள் பிடித்துக்கொண்டதில், இப்போது இடது கையால் தூக்கிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

மீன் வருவது மனைவியின் சித்தப்பாவிடமிருந்து. ஊருக்கு வெளியே பண்ணை வைத்து முப்பது வருஷமாக மொத்த வியாபாரம். வாரம் ஒருமுறை வண்டியில் சரக்கு கொண்டுவருவார். கடைக்காரர் போனில் கூப்பிட்டதும் கல்யாண வீட்டுக் குரலில்தான் பேசினார்.

“என்ன மாப்பிள்ளை, மீனெல்லாம் நல்லா நீந்துதா?”

“நீந்துது மாமா. மல்லாந்து நீந்துது.”

“உங்க தண்ணி சரியில்ல.”

“ஆறு வருஷமா இதே தண்ணிதான்.”

“அப்போ உங்க நேரம் சரியில்ல.”

“உங்க சரக்குலதான் ஏதோ வந்திருக்குன்னு நினைக்கிறேன்.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. “எங்க வீட்டுப் பொண்ணையும் குடுத்து, கூடவே நோயையும் குடுத்தேன்னு சொல்றீங்க. சரி, சரி. செவுள் புழுவா இருக்கும். மருந்து அனுப்பறேன், பன்னிரண்டுலயும் ஊத்துங்க.”

“புழுன்னு எப்படித் தெரியும்?”

“வேற என்னவா இருக்கும்? நீங்க உள்ள போய்ப் பார்த்தீங்களா, நான் போய்ப் பார்த்தேனா?”

மருந்து மறுநாளே வந்தது, பழுப்புப் பாட்டிலில். மூடியைத் திறந்ததும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது காரமான மருந்து. தேறின மீன் தாங்கும், தளர்ந்த மீன் தாங்காது, குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது. ஏற்கெனவே எல்லா மீனும் தளர்ந்துதான் கிடக்கிறது. புழு இருந்தால் ஊற்றித்தான் ஆகவேண்டும். புழு இல்லாமல் ஊற்றினால், மீதி இருப்பதையும் தன் கையாலேயே முடித்த மாதிரி. தொட்டி காலியானால் கடையும் காலி. மறுபடி பன்னிரண்டையும் நிரப்ப அவர்களிடம் தெம்பும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

“பார்க்காம ஒரு சொட்டு ஊத்தக் கூடாது” என்று பாட்டிலை அலமாரியின் உச்சியில் வைத்தார் மனைவி.

“எதால பார்க்கிறது?”

அது நியாயமான கேள்விதான். கால்நடை வைத்தியர் நாய் பார்ப்பார், பூனை பார்ப்பார். பையில் மீனோடு போய் வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரரைப் பார்த்து, “ஊசி எங்க போடணும்னு நீங்களே காட்டுங்க” என்றார். கடைக்காரர் நிஜமான நுண்ணோக்கி விற்கிற கடையிலும் விசாரித்தார். விலையைக் கேட்டதும், “யோசிச்சு வரேன்” என்று வந்துவிட்டார். பேரம் பேசி வளர்ந்தவர்கள் மத்தியில் அதற்கு, இனி இந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று பொருள்.

கடைசியில் போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. கடுகளவு கண்ணாடி உருண்டை ஒன்று போதுமாம். அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் நூறு மடங்குக்கும் மேலே பெரிதாகத் தெரியுமாம். வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே நாலு நிமிஷத்தில் செய்து முடித்தார். கடைக்காரருக்கு மூன்று நாள் பிடித்தது. சிரிப்பும் வரவில்லை.

மருந்து கலக்குகிற கண்ணாடிக் குச்சி கடையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, பற்றவைக்கும் கேஸ் விளக்கு வைத்திருக்கிற சாவிக்காரரிடம் போனார்.

“என்னண்ணே, மீனுக்குப் பூட்டு போடப் போறீங்களா?”

“போகிற உயிருக்குப் போடணும். நெருப்பைக் கொஞ்சம் கூட்டு தம்பி.”

குச்சியின் நடுவைச் சுடரில் காட்டினால் சிவந்து இளகும். இரண்டு பக்கமும் இழுத்தால் நூலாகும். அந்த நூலின் நுனியை மறுபடி சுடரில் காட்டினால் தானே சுருண்டு உருண்டையாகும். சொல்வதற்கு மூன்று வாக்கியம். முதல் உருண்டை கோணல். இரண்டாவதற்குள் காற்றுக் குமிழ். மூன்றாவது தரையில் விழுந்து, இருவரும் முழங்காலில் நின்று தேடி, அது சாவிக்காரரின் செருப்படியில் கிடைத்தது. எட்டாவதுதான் உருண்டை என்று சொல்லும்படி வந்தது.

குளிர்பானத் தகர டப்பாவை வெட்டித் தட்டையாக்கி, ஊசியால் துளை போட்டு, உருண்டையை இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து, தொட்டி ஒட்டும் பசையைச் சுற்றிலும் தடவினார். தகட்டை ஒரு மரத் துணிக் கிளிப்பின் ஒரு தாடையில் ஒட்டினார். மறு தாடையில், தொட்டிக்குப் போக மிச்சமிருந்த மெல்லிய கண்ணாடியை விரலகலத்துக்குக் கீறி எடுத்த துண்டை ரப்பர் வளையத்தால் கட்டினார். இரண்டு தாடைக்கும் குறுக்கே ஒரு திருகாணி. அதைத் திருகினால் துண்டு உருண்டையை நெருங்கும், விலகும். அவ்வளவுதான் கருவி. பார்த்தால் துணி காயப்போடுகிற கிளிப்புக்கு நகை போட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் செத்துப்போன மீன் ஒன்றின் செவுளிலிருந்து இம்மியளவு கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக்கை மூடி, தொட்டி விளக்குக்கு நேராகப் பிடித்தார். முதலில் கறுப்பு மூங்கில் தோப்பு தெரிந்தது. அது அவருடைய இமை மயிர். திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினார். வெளிச்சம் வட்டமாகத் தெளிந்தது. சீப்பின் பல் மாதிரி செவுள் இழைகள். நடுநடுவே அழுக்கும் உருண்டையுமாக ஏதேதோ.

அப்புறம் அது வந்தது. கண்ணாடி மாதிரி ஒரு நீளப் புழு. உடம்பெல்லாம் மணி கோத்த மாதிரி. வட்டத்தின் மேலிருந்து மெதுவாக இறங்கி, அவர் நேராகப் பார்க்கப் போனதும் துள்ளி விலகியது.

“புழு!” என்றார். பதினான்கு நாள் அலுப்பும் அந்த ஒரு சொல்லில் எழுந்து உட்கார்ந்தது. “அடியே, புழு! மாமா சொன்னது சரிதான்!”

அன்றைக்கும் மறுநாளும் பன்னிரண்டு தொட்டியும் பார்த்தார். பன்னிரண்டிலும் புழு. மனைவி பார்க்க வந்தால், “இரு, இரு, இப்பத்தான் தெளிவா வருது” என்று விடவில்லை. இடது கண் சிவந்து, தலை வலித்து, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. ஆனால் மனசுக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. எதிரி யாரென்று தெரிந்தால் அலுப்புக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அலமாரி உச்சியிலிருந்து பாட்டிலை இறக்கி, பன்னிரண்டு சின்னக் கோப்பையில் அளந்து ஊற்றி, தொட்டிக்கு ஒன்றாக வைத்தார். சாயங்காலம் கடை சாத்தும்போது கொட்டிவிட வேண்டியது.

மாமாவின் வண்டி வரவேண்டிய நாளும் அதுதான்.

மாமா வண்டியிலிருந்து வயிறு முதலிலும் தான் பிறகுமாக இறங்கினார். கடைக்காரர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வண்டியிலிருந்த கட்டுப் பிரிக்காத ஒரு பையைத் தானே எடுத்து, முடிச்சை அவிழ்த்து, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு, கண்ணில் வைத்தார்.

“பாருங்க. உங்க பையிலயே புழு. இன்னும் என் கடைக்குள்ள காலே வைக்கல.”

“குடுங்க பார்ப்போம்.” மாமா கிளிப்பை வாங்கிக் கண்ணில் ஒட்டினார். கொஞ்ச நேரம் ஆயிற்று. “ஒன்னும் தெரியலையே.”

“இன்னொரு கண்ணைத் திறங்க மாமா. ரெண்டையும் மூடிட்டீங்க.”

சத்தம் கேட்டுச் சாவிக்காரரும் வந்துவிட்டார். மாமா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். “வெளிச்சம் தெரியுது. புழு தெரியல.”

“தெரியாதுதான். உங்க சரக்கு ஆச்சே.”

“மாப்பிள்ளை, வார்த்தை தடிக்குது. உங்க குழாய்த் தண்ணியைப் போட்டுப் பாருங்க.”

போட்டார். “இதுலயும் இருக்கு” என்றார், கொஞ்சம் சுருதி இறங்கி.

“நான் குடிக்கிற தண்ணி இது. இதைப் போடுங்க.” மாமா தன் வண்டியில் வைத்திருந்த பாட்டிலை நீட்டினார்.

கடைக்காரர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இருக்கு” என்றார்.

“ஐயோ, அண்ணே!” என்றார் சாவிக்காரர். “அப்போ மாமா வயித்துல பண்ணையே இருக்கு.”

மனைவி அருகில் வந்தார். கைத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, அவர் கண்ணிலிருந்து கிளிப்பை எடுக்காமலேயே, ரப்பர் வளையத்துக்கடியிலிருந்து கண்ணாடித் துண்டை மெதுவாக உருவினார்.

“இப்போ என்ன தெரியுது?”

“தெரியுது. ரெண்டு. ஒன்னு கீழ இறங்குது.”

“துண்டு என் கையில இருக்குங்க.”

கடைக்காரர் கிளிப்பை இறக்கி, மனைவியின் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். மறுபடி வெறும் உருண்டையைக் கண்ணில் வைத்து விளக்கைப் பார்த்தார். புழு தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுழற்றினார், அதுவும் சுழன்றது.

“உன் கண்ணுக்குள்ள மிதக்கிற தூசிய்யா அது” என்றார் மாமா, சிரிப்பில் மரியாதையும் கலைந்து. “ஐம்பது வயசானா பல பேருக்கு வரும். என் பண்ணைக்குப் பழி போட்டியே!” அவர் சிரிக்கச் சிரிக்க வண்டிக் கதவு குலுங்கியது. சாவிக்காரர் சிரிப்பதற்காகவே தன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அதற்கும் எழுந்து நிற்கவேண்டுமே என்று இருந்தது. எதிரே பன்னிரண்டு கோப்பையில் மருந்து வரிசையாக நின்றது. இன்னும் மூன்று மணி நேரம் போயிருந்தால் கொட்டியிருப்பார். இல்லாத புழுவுக்கு.

மனைவி சும்மா இருக்கவில்லை. நாலாம் தொட்டியில் சற்றுமுன் சாய்ந்த மீனை எடுத்து, செவுளைக் கிள்ளி, துண்டில் வைத்து, திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கணவர் விடாததால் அவர் அதில் கண் வைப்பது அதுதான் முதல் தடவை. எந்தப் புழுவையும் தேடாமல், இருப்பதைப் பார்த்தார்.

“புழு இல்லைங்க. உருண்டையா ஒன்னு இருக்கு.”

“அது குமிழி. நானும் பார்த்தேன்.”

“குமிழி சுத்துமா? இது தானா சுத்துது. மெதுவா, இடுப்பு வலிக்கிறவங்க திரும்பிப் படுக்கிற மாதிரி. உள்ள பிறை மாதிரி ஒன்னு இருக்கு.”

வண்டியில் ஏறப்போன மாமாவின் சிரிப்பு நின்றது. அது நின்ற விதம் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

“சித்தப்பா, இங்க வாங்க.”

“எனக்கு நேரமாச்சும்மா.”

“சிரிக்கிறதுக்கு இருந்த நேரம் இதுக்கும் இருக்கும். வாங்க.”

மாமா வந்தார். இந்த முறை ஒரு கண்ணை மட்டும் மூடினார். பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷ வியாபாரத்தில் சரக்கைக் குறைசொல்லாமல் விற்றுப் பழகிய முகம், அது என்ன சொல்லும் என்று அதற்கே தெரியவில்லை. பேசாமல் போயிருக்கலாம். அவர் போய்விட்டால், வேறு மருந்து தெரியாமல் கோப்பையில் இருப்பது தொட்டிக்குப் போகும், பழி தண்ணீர் மேல் போகும்.

“வெள்ளைப்புள்ளி நோய்” என்றார் கடைசியில். “என் பண்ணைச் சுவர்ல படமே ஒட்டியிருக்கேன். பிறை போட்ட உருண்டை. செவுளோட நின்னுட்டா வெளியே புள்ளி தெரியாது. மூச்சு முட்டியே போயிடும்.”

“இந்த மருந்து?”

“இதுக்கு அந்த மருந்து கேக்காது. மீனைத்தான் கேக்கும்.” கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டிலில் திரும்ப ஊற்ற ஆரம்பித்தார். “தண்ணியைச் சூடு பண்ணணும். கொஞ்சம் கொஞ்சமா உப்பு போடணும். ரெண்டு வாரம். ஒரு மீனும் உள்ள வரக்கூடாது, வெளிய போகக்கூடாது. என் மூணாவது குளத்துல போன மாசம் நாலஞ்சு செத்துது. வெயில்னு நினைச்சேன்.” பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “நினைச்சுக்கிட்டேன்னு வைங்க.”

கடைக்காரர் நிமிர்ந்தார். ஜெயித்துவிட்டதாகத்தான் கணக்கு. ஆனால் மாமா விடுகிற ஆளில்லை.

“மூணாம் குள மீனை நான் இறக்கினது உங்க நாலாம் தொட்டில மட்டும்தான். பன்னிரண்டுக்கும் எப்படிப் போச்சு? வலை ஒன்னா?”

“தொட்டிக்கு ஒரு வலை. பிடிக்குத் தனித்தனி நிறம். நானே கட்டினேன்” என்றார் கடைக்காரர் ரோஷமாக.

“அப்போ எப்படி?”

மனைவிதான் சொன்னார். “பை.”

கடைக்காரரின் வியாபார ரகசியம் அது. விலை படியும் முன்பே மீனைப் பிடித்துப் பையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். நாலாம் தொட்டியில் ஒன்று, ஒன்பதில் இரண்டு, பதினொன்றில் ஒன்று, எல்லாம் ஒரே பையில். கையில் மீன் துள்ளும்போது எவனுக்கும் முறுக்கிக்கொண்டு போக மனசு வராது. பத்துக்கு எட்டுப் பேர் வாங்கிவிடுவார்கள். மீதி இரண்டு பேர் பையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அவர் வலை போட்டு மீனை அதனதன் தொட்டியில் விட்டுவிட்டு, பைத் தண்ணீரை எந்தத் தொட்டியில் மட்டம் குறைவோ அதில் ஊற்றிவிடுவார். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது வீண்செலவு என்பது அவர் கட்சி.

“ஆக, கொண்டுவந்தது நான்” என்றார் மாமா. “பரிமாறினது நீங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமா அந்தப் பையைத் திரும்பக் கட்டி வண்டியில் வைத்தார். போகும்போது, தன் பண்ணைத் தொட்டிகளுக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சூடேற்றி ஆறை இறக்கி வைத்துவிட்டுப் போனார். விலை எதுவும் சொல்லவில்லை. அவர் விலை சொல்லாமல் ஒரு பொருளைக் கைமாற்றியதை மனைவி அன்றுதான் பார்த்தார்.

அதற்கப்புறம் நடந்தது வெறும் வேலை. சூடேற்றி இல்லாத தொட்டிகளுக்கு வெந்நீர் காய்ச்சி ஊற்றினார்கள். உப்பு கரைத்தார்கள். ஒரு தொட்டியில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவித்தான் அடுத்த தொட்டி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவியதில் விரல்கள் வெளுத்துச் சுருங்கின. முதல் நாலு நாள் சாவு குறையவேயில்லை. அஞ்சாம் நாள் ஆறு மீன். ஆறாம் நாளும் ஆறு. “சூடா இருக்கேன்னு சந்தோஷமா சாகுதுங்க” என்றார் மனைவி. ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழாம் நாள் இரண்டு. செவுளைக் கிள்ளிப் பார்த்தார் மனைவி. உருண்டை ஒன்றே ஒன்று. அது சுற்றவில்லை.

பத்தாம் நாள் வந்தார் ஒரு பழைய வாடிக்கையாளர். தெருவிலேயே பேரத்துக்குப் பேர்போனவர். பொரி வாங்கினாலும் இரண்டு பருக்கை கொசுறு கேட்கிற ரகம். ஒன்பதாம் தொட்டியில் பிழைத்துக் கிடந்த பெரிய சிவப்பு ஜோடியைக் காட்டினார்.

“இது ரெண்டையும் போடுங்க.”

“இப்போ இல்லை சார். அடுத்த வாரம் வாங்க.”

வாடிக்கையாளர் ஒரு பார்வை பார்த்தார். இந்த வாயிலிருந்து ‘இல்லை’ என்று அவர் கேட்டதேயில்லை. “ஓஹோ. யாரோ கூடக் கேட்டிருக்காங்க. சரி, போன தடவை விலையே தர்றேன்.”

“விலை இல்லை சார் விஷயம்.”

“அதுக்கு மேலயும் தர்றேன்யா. இதுக்கு மேல நடிக்காதீங்க.”

அவர் தானாகவே விலையில் இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியும் ஏறினார். அந்தத் தெருவில் ஒருவரும் கண்டிராத காட்சி. பதினைந்து நாள் வாடகை அந்தச் சிவப்பு ஜோடியில் நீந்திக்கொண்டிருந்தது. கடைக்காரரின் கை பழக்கத்தில் தானாகவே மேலே தொங்கிய வலையைத் தொட்டது. உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“அதுக்கு நோய் சார்” என்றார் கடைக்காரர். வியாபாரத்தில் இறங்கிய நாளிலிருந்து தன் சரக்கைப் பற்றி அவர் சொன்ன முதல் கெட்ட வார்த்தை. “இன்னும் முழுசாப் போகல. உங்க வீட்டுத் தொட்டிக்கும் வந்துடும்.”

வாடிக்கையாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளி நின்றார். “முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். இனி அவர் தெரு முழுக்கச் சொல்வார். சொல்லட்டும்.

பதினான்காம் நாள் காலையில் மனைவிதான் முதலில் உள்ளே போய் விளக்கைப் போட்டார். இடது சுவரில் ஆறையும் பார்த்தார், வலது சுவரில் ஆறையும் பார்த்தார். திரும்ப ஒருமுறை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். பாதித் தொட்டி காலிபோலத்தான் இருந்தது. மிஞ்சிய மீனெல்லாம் நடுத் தண்ணீரில் நின்று, தீனிக்காகக் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க. இன்னிக்கு ஒன்னுகூட இல்லை.”

கடைக்காரர் வாசலிலேயே நின்றார். “சரியாப் பார்த்தியா?”

“ரெண்டு தடவை பார்த்தேன். வாங்க, வந்து கொஞ்சம் சந்தோஷப்படுங்க.”

“வர்றேன்” என்றார் அவர், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “முதல்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன். அப்புறம் படறேன்.”